கரடி நெய்யா, எச்சிலா, விளக்கெண்ணெயா?

போன சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பக்கத்து மேஜைக்காரர் என் பக்கம் திரும்பி, "நீங்க பேட்ச்சுக்கு என்ன தடவுறீங்க?" என்று கேட்டார். இந்த வருஷம்தான் மசில்லோடர், அதாவது குழலின் வாய் வழியாகக் கெட்டிக்கிற பழைய பாணித் துப்பாக்கி, வாங்கியிருக்கிறார், கெட்டிக்கிற கோலில் கடை ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கவில்லை. ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். நான் அரைமணி நேரம் பேசினேன். பாவம் மனுஷர், தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, கடைசியில் "சரி, அப்ப நான் எதை வாங்கணும்?" என்று புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார். அவருக்கு நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் சொன்னதும், சொல்ல விட்டுப்போனதும்தான் இந்தப் பதிவு.

இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்காக: நான் இருப்பது பென்சில்வேனியாவில். என்னிடம் இருப்பது 50 காலிபர் ஃபிளின்ட்லாக் ரைஃபிள், அதாவது சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி விழுகிற வகை. 18ஆம் நூற்றாண்டில் இதே லங்காஸ்டர் வட்டாரத்தில் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய கொல்லர்கள் செய்த நீளத் துப்பாக்கியின் மாதிரி. இதில் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தை அளந்து கொட்டணும், வாயில் ஒரு துண்டுத் துணியை விரிக்கணும், அதன்மேல் ஈயக் குண்டை வைத்து அமுக்கி, கோலால் அடிவரைக்கும் தள்ளிக் கெட்டிக்கணும். என் குழலின் உள்விட்டம் 0.500 அங்குலம், குண்டு 0.490. இடையில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியை அடைப்பது துணி. அந்தத் துணிதான் ரைஃபிளின் சுருள் வரிகளைக் கவ்விப் பிடித்துக் குண்டைச் சுழற்றுகிறது. ஈயம் குழலைத் தொடுவதே இல்லை. குண்டு வெளியேறியதும் துணி கழன்று கொஞ்ச தூரத்தில் விழுந்துவிடும். இந்தத் துணிக்குத்தான் பேட்ச் என்று பெயர், அதில் தடவுகிற பிசுக்குக்குத்தான் இங்கே இத்தனை சண்டை.

சின்ன வயதில் ஊரில் நரிக்குறவர்கள் கையில் பார்த்த நாட்டுத் துப்பாக்கியும் வாய் வழியாகக் கெட்டிப்பதுதான். ஆனால் அதன் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும், மருந்து, நார், சிதறு குண்டு என்று போட்டு இடித்துவிடுவார்கள். பேட்ச் கவலையே இல்லை. குழலுக்குள் வரி என்று ஒன்று வந்த பிறகுதான் இந்தத் தலைவலி ஆரம்பம்.

எதற்குத் தடவணும்? கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இது எரிந்தால் பாதிக்கும் மேல் வாயுவாக ஆகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும், கொஞ்சம் புகையாக வெளியே போகும், மீதி குழலுக்குள்ளேயே படியும். அந்தப் படிவு பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகள். காற்று வறண்டிருந்தால் ஓடு மாதிரி இறுகிவிடும், ஈரமாக இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டு நசநசவென்று ஆகி, இரண்டே நாளில் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். ஒன்றும் தடவாமல் சுட்டுப் பாருங்கள், நான்காவது ஐந்தாவது குண்டு பாதி வழியில் நின்றுவிடும். அப்புறம் கோலின் தலையில் மரச்சுத்தி வைத்துத் தட்டவேண்டியதுதான். குண்டு அடியில் இருக்கிற மருந்தின்மேல் சரியாக உட்காராமல் நடுவில் நின்ற நிலையில் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம், இது விளையாட்டில்லை. அதனால்தான் எல்லாரும் கோலில் ஒரு கோடு போட்டு வைத்திருப்போம், அந்தக் கோடு குழல் வாயோடு சேர்ந்தால்தான் குண்டு அடிவரை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆக, தடவுகிற பொருள் நாலு வேலை செய்யணும். குண்டு சிரமமில்லாமல் இறங்கணும். படிந்த கரியை இளக்கி வைக்கணும். வெடிக்கிற நேரத்துச் சூட்டில் துணி கருகாமல் காக்கணும். துப்பாக்கியைக் கெட்டித்து வைத்துக்கொண்டு காட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்தாலும் குழல் துருப்பிடிக்கக் கூடாது, மருந்தும் நனையக் கூடாது. சிக்கல் என்னவென்றால், அந்தக் கரியை இளக்குவதற்குத் தண்ணீரை அடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது, உப்புதானே, தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். ஆனால் மருந்துக்கும் இரும்புக்கும் முதல் எதிரியும் அதே தண்ணீர்தான். இந்த ஒரு இடத்தில்தான் எல்லா டப்பாக்காரர்களும் வழுக்குகிறார்கள். 'எல்லாத்துக்கும் ஒரே கிரீஸ்' என்று யாராவது விற்றால் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் பிடித்துக்கொள்ளவில்லை. துப்பாக்கி வாங்கிய அன்றே கூடவே ஒரு ட்யூபும் வாங்கினேன். மஞ்சள் நிறம், மூட்டுவலித் தைலம் மாதிரி ஒரு வாசனை. பெயர் வேண்டாம். இதைத் தடவிச் சுட்டுக்கொண்டே வந்தால் குழல் உள்பக்கம் பழகிவிடும், அப்புறம் கரி ஒட்டாது, துருவும் பிடிக்காது என்று எழுதியிருந்தது. தோசைக்கல் பழக்குகிற வீட்டில் வளர்ந்தவனிடம் இப்படிச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்? ஆனால் தோசைக்கல் என்பது வார்ப்பிரும்பு, அதை மணிக்கணக்காகச் சூடாக்கி எண்ணெயை ஏடாகக் காய வைக்கிறோம். குழலோ உள்ளே வழவழவென்று கடைந்த எஃகு, அதில் ஒவ்வொரு தரமும் உப்புக் கரி படிகிறது, அதைத் தண்ணீர் விட்டுக் கழுவித்தான் ஆகணும். அங்கே எது பழகும்? 'பழக்கம் கலைந்துவிடுமே' என்று நான் சரியாகக் கழுவாமல் விட்டேன். வசந்தத்தில் எடுத்துப் பார்த்தால் குழலின் அடிப்பக்கத்தில் செம்பழுப்பாகத் துரு. நல்லவேளை ஆழமாகப் போகவில்லை. அன்றிலிருந்து சுட்ட அன்றே வெந்நீர், ஒரு சொட்டு சோப்பு, காயத் துடைப்பு, அதன்மேல் எண்ணெய். எந்தக் கிரீஸ் தடவினாலும் இதில் சலுகை கிடையாது.

ஆனால் அந்த முதல் வருஷத்தில் என்னைப் படுத்தியது துரு இல்லை, குறி. 50 கெஜத்தில் ஐந்து குண்டு சுட்டால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறும். கிரீஸ்தான் சரியில்லை என்று மூன்று நாலு வகை மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து டாலர், கூடவே ஒரு சனிக்கிழமை. ஒருநாள் ரேஞ்சில் வழக்கமாக வருகிற பெரியவர் ஒருவர் (எழுபது தாண்டியவர், அவர் துப்பாக்கியை அவரே செய்தது) நான் சுடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுடுவது நின்றதும் விறுவிறுவென்று முன்னால் நடந்துபோய்க் குனிந்து எதையோ பொறுக்கினார். என் பேட்ச்கள். கொண்டுவந்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் பீடியால் சுட்ட மாதிரி ஓட்டை. "இதில் நீ எதைத் தடவினால் என்ன?" என்று கேட்டார்.

துணி மெல்லிசு. அவ்வளவுதான் விஷயம். நான் வாங்கியிருந்த ரெடிமேட் பேட்ச் 0.010 அங்குலம்தான் இருந்தது. இடைவெளி சரியாக அடைபடாமல், எரிகிற வாயு குண்டைச் சுற்றிப் பீறிட்டுத் துணியைப் பொசுக்கியிருக்கிறது. 0.018 அங்குலம் தடிமனுள்ள மெத்தையுறைத் துணிக்கு மாறினேன், அதே மஞ்சள் ட்யூப்தான், வேறெதையும் மாற்றவில்லை. குண்டு இறங்கக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. ஆனால் ஐந்து குண்டும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. ஒரு வருஷம் கிரீஸ் மேல் போட்ட பழியெல்லாம் துணி செய்த வேலை.

அதனால் எதைத் தடவுவது என்று யோசிப்பதற்கு முன்னால், சுட்ட துணியைப் பொறுக்கிப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குழலுக்கு முன்னால் ஐந்து முதல் பதினைந்து கெஜத்துக்குள் கிடக்கும். நல்ல துணி திரும்ப ஒரு தரம் சுடலாம் போல முழுசாக இருக்கும். நடுவில் குண்டு உட்கார்ந்த இடம் சாம்பல் நிறம், அதைச் சுற்றிக் குழலோடு உரசிய இடத்தில் கறுப்பு வளையம், ஓரம் கொஞ்சம் பிசிறு, அது பரவாயில்லை. வளையத்திலேயே கருகியிருந்தால் துணி மெல்லிசு அல்லது பிசுக்கு போதவில்லை. சீரான இடைவெளியில் கத்தியால் கீறியது போல இருந்தால் கிரீஸைத் திட்டிப் பயனில்லை, புதுக் குழலின் வரி விளிம்பு கூராக இருக்கிறது அல்லது வாயின் விளிம்பில் கூர் இருக்கிறது, அதை மழுக்கணும். துணி தூய பருத்தி அல்லது லினன். பாலியஸ்டர் கலந்திருந்தால் சூட்டில் உருகிக் குழலில் ஒட்டும். புதுத் துணியைக் கஞ்சி போகத் துவைத்துவிட்டுத்தான் அளக்கணும், துவைப்பதற்கு முன்னாலும் பின்னாலும் தடிமன் ஒன்றாக இருக்காது.

இதில் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். அம்மா ஊரிலிருந்து வந்தபோது ஈரோட்டுக் காடாத் துணி ஐந்து மீட்டர் எடுத்துவரச் சொன்னேன். "அஞ்சு மீட்டர் எதுக்குடா, இட்லித் துணிக்கா?" என்று கேட்டார். துப்பாக்கிக்கு என்றதும் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. துணியும் ஏமாற்றிவிட்டது. முரட்டு நூல், அங்கங்கே முடிச்சு, தடிமன் அளக்கிற காலிப்பர் கருவியை வைத்தால் ஒரு இடத்தில் 0.012, நாலு விரல் தள்ளி 0.016. பேட்ச்சுக்கு ஒவ்வொரு துண்டும் ஒரே தடிமனாக இருக்கணும். இப்போது அது குழல் துடைக்கப் போகிறது, அந்த வேலைக்கு அதைவிட நல்ல துணி கிடையாது.

சரி, தடவுகிற விஷயத்துக்கு வருவோம். பழைய ஆட்கள் கையில் கிடைத்ததைத் தடவினார்கள். கரடி அடித்தவன் கரடி நெய், ஆடு மாடு வைத்திருந்தவன் அதன் கொழுப்பு. இந்தப் பக்கத்து ரைஃபிள்களில் பின்கட்டையின் வலப்பக்கம் பித்தளை மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி இருக்கும், பேட்ச் பெட்டி என்றே அதற்குப் பெயர், பார்க்க நகை மாதிரி செதுக்கியிருப்பார்கள். தெற்கே அப்பலாச்சியன் மலைக்காரர்கள் அந்தப் பித்தளைக்கும் செலவழிக்காமல் கட்டையில் வெறும் ஒரு குழி தோண்டி அதில் கொழுப்பை அப்பி வைத்தார்கள், கெட்டிக்கும்போது விரலால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். எனக்கு அந்தக் குழியைத்தான் பிடிக்கும். பிற்பாடு திமிங்கில எண்ணெய் வந்தது. எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுப்பது, குளிரில் உறையாது, லேசில் கெடாது. 1970களில் அமெரிக்கா அதைத் தடை செய்ததும் அந்த இடத்துக்கு ஹோஹோபா எண்ணெய் வந்தது, அது ஒரு பாலைவனச் செடியின் விதையிலிருந்து எடுப்பது, உள்ளமைப்பில் திமிங்கில எண்ணெய்க்கு நெருக்கமான திரவ மெழுகு.

துப்பாக்கி, கொழுப்பு என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் நம் ஆட்களுக்கு 1857 ஞாபகம் வராமல் இருக்காது. என்ஃபீல்டு ரைஃபிளில் துணி பேட்ச் இல்லை, காகிதச் சுருளுக்குள் மருந்தும் குண்டும், குண்டிருக்கிற முனையில் கொழுப்பு தடவியிருக்கும். காகிதத்தைப் பல்லால் கிழித்து மருந்தைக் கொட்டணும். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று அந்த வருஷம் ஜனவரியில் கல்கத்தா பக்கம் டம்டமில் பேச்சு கிளம்பியது. சிப்பாய்கள் தங்களுக்கு இஷ்டமானதைத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று அதே மாதம் வெள்ளைக்கார அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள், பல்லுக்குப் பதில் கையால் கிழிக்கும்படி பயிற்சியையும் மாற்றினார்கள். அதைப் பார்த்து, 'அப்படியென்றால் சந்தேகப்பட்டது நிஜம்தான்' என்றுதான் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி இருந்தது: இவ்வளவு வம்பு என்றால் கொழுப்பே தடவாமல் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? இப்போது ஐந்தாவது குண்டு பாதியில் சிக்கி, கோலைப் பிடித்துத் தொங்கிய பிறகு புரிகிறது. தடவாமல் முடியாது.

ரேஞ்சில் சுடுவதற்கு எச்சில் போதும் என்று பாதிப் பேர் சொல்வார்கள். அது உண்மைதான். எச்சில் என்பது வழுவழுப்பான தண்ணீர், ஒவ்வொரு தடவை குண்டு இறங்கும்போதும் முந்தின கரியைத் துடைத்துக்கொண்டே போகும். சிலர் துணிப் பட்டையை வெற்றிலை மாதிரி கன்னத்தில் அடக்கிக்கொண்டே சுடுவார்கள். நான் செய்வதில்லை. ஈயக் குண்டு தொட்ட விரலோடு துணியை வாய்க்குள் வைத்து எடுப்பதை நினைத்தாலே குமட்டுகிறது. அதற்குப் பதில் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, கார் கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணீர் என்று பலதும் ஓடும். ஆனால் நனைத்தவுடன் சுடணும்.

நான் இப்போது ரேஞ்சுக்கு வைத்திருப்பது பாலிஸ்டால். ஜெர்மானிய எண்ணெய், 1904 வாக்கில் அவர்கள் ராணுவத்துக்காகச் செய்தது. தண்ணீரில் விட்டால் ஃபினாயில் மாதிரி வெள்ளையாகக் கலந்துவிடும், இங்கே அதற்கு 'மூஸ் பால்' என்று செல்லப் பெயர். ஒரு பங்கு எண்ணெய்க்கு ஆறு ஏழு பங்கு தண்ணீர் கலந்து, துணிப் பட்டையை அதில் முக்கிப் பிழிந்து, ஒரு தட்டில் பரப்பிக் காயவைக்கணும். கொடியில் தொங்கவிட்டால் எண்ணெய் வழிந்து கீழ் முனையில் சேர்ந்துவிடும், மேல் முனை ஒன்றுமில்லாமல் போய்விடும். தண்ணீர் ஆவியாகப் போனதும் துணி முழுக்க ஒரே சீரான எண்ணெய்ப் படலம் மட்டும் மிஞ்சும், தொட்டால் காய்ந்த துணி மாதிரிதான் இருக்கும். இதில் என்ன அழகு என்றால், தண்ணீரின் அளவை மாற்றினால் துணியில் தங்குகிற எண்ணெயின் அளவு மாறும், விரலால் தடவுகிற கிரீஸில் இந்தக் கணக்கு வராது. என் குழலுக்கு ஏழு பங்கு ஒத்துவந்தது, உங்கள் குழலுக்கு ஐந்தாக இருக்கலாம். இதில் கரி இளகாது என்பதால் இரண்டு சூட்டுக்கு நடுவில் ஈரத் துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம் துடைக்கணும். சோம்பேறிகளுக்கு ஆகாது. ஆனால் என் சிறந்த டார்கெட் காகிதம் எல்லாம் இதில் சுட்டதுதான். ஒன்று, கிரீஸை மாற்றினால் குண்டு விழுகிற இடமும் மாறும், எனக்கு இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. குறியைத் திரும்பச் சரிபார்க்காமல் காட்டுக்குப் போகாதீர்கள்.

'பெட்ரோலியப் பொருள் எதுவும் தடவவே கூடாது, தார் ஆகிவிடும்' என்று ஒரு வேதவாக்கு உலாவும். இஞ்சின் ஆயிலைப் பொறுத்தவரை நான் ஒப்புக்கொள்கிறேன், கரியோடு சேர்ந்து பிடிவாதமான கறுப்புப் பிசின் ஆகிவிடுகிறது. ஆனால் இதைச் சொல்கிற அதே ஆள் பையிலிருந்து பாலிஸ்டாலை எடுத்துத் தடவுவார், அதன் அடிப்படையே சுத்திகரித்த வெள்ளை மினரல் ஆயில், அது எங்கிருந்து வந்ததாம்?

சமையலறைப் பக்கம் வந்தால் இங்கே எல்லாரும் முதலில் எடுப்பது கிரிஸ்கோ. நம்ம ஊர் டால்டா மாதிரி, 1911இல் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து செய்ய ஆரம்பித்தது. மலிவு, வேலை செய்யும், கோடையில் உருகி வழியும். தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை, ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பென்சில்வேனியாவில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது கல். நல்லெண்ணெய் தடவிய துணியை ஒரு டப்பாவில் போட்டு மூன்று மாதம் மறந்துவிட்டேன், எடுத்தபோது ஒன்றோடொன்று பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தன. காற்றுப் பட்டால் மெல்ல இறுகுகிற சாதி எண்ணெய் அது. ஆளி விதை எண்ணெய் இதில் இன்னும் மோசம், அது தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், கிட்டவே போகவேண்டாம். வெண்ணெய், பன்றி இறைச்சிக் கொழுப்பு எதுவானாலும் உப்புப் போட்டது கூடாது, குழலுக்கு நீங்களே துரு விதைத்த மாதிரி. நெய்யில் உப்பு இல்லையே என்று அதையும் பார்த்தேன். நன்றாகவே சுட்டது. கராஜில் வைத்திருந்த மீதியை எலி தின்றுவிட்டது, துணியோடு.

எனக்கு மிஞ்சியது விளக்கெண்ணெய். வயிற்றுக்குப் போக குழந்தைகளுக்குப் புகட்டுகிற அதே சனியன், இந்தியக் கடையில் பாட்டில் கிடைக்கும். முதல் உலகப் போரில் விமானங்களின் சுழல் இஞ்சின்களுக்கு இதைத்தான் ஊற்றினார்கள், பெட்ரோலில் லேசில் கரையாது, சூட்டிலும் வழுவழுப்பு போகாது. காய்ந்து இறுகாது, உறைபனிக் குளிரிலும் கல்லாகாமல் பாகு மாதிரி நிற்கும். இங்கத்திய வீட்டுச் செய்முறைகளிலும் தேன்மெழுகு, விளக்கெண்ணெய், எண்ணெய் சோப்பு என்று கலந்து ஒன்று உண்டு, அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. என் கலவையில் ஹலால் கடையில் வாங்குகிற ஆட்டுக் கொழுப்பு நாலு பங்கு, விளக்கெண்ணெய் இரண்டு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. குளிர்காலத்துக்கு மெழுகு பாதியாகக் குறையும். நேரடித் தீயில் வைக்கக் கூடாது, கொதிக்கிற தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கணும், மெழுகு பற்றிக்கொள்ளும். முதல் தடவை சமையலறையில் காய்ச்சினேன். "ஏங்க, பாயாவா?" என்று ஆசையாக வந்து எட்டிப் பார்த்த மனைவி, விஷயம் தெரிந்ததும் அடுப்போடு என்னைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிட்டாள். ஆறிய பிறகு டப்பாவை ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள், நகத்தால் சுரண்டினால் வழித்து வரணும். உதிர்ந்தால் மெழுகு அதிகம்.

இது காட்டுக்கு. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஃபிளின்ட்லாக்குக்கென்றே மான் வேட்டை சீசன் ஒன்று உண்டு, விரல் மரத்துப்போகிற குளிர். விடிவதற்கு முன் கெட்டித்தால் இருட்டும்வரை ஒரு சூடுகூடச் சுடாமல் இருக்கலாம். முதல் சீசனில் ரேஞ்ச் பழக்கத்தில் ஈரத் துணியால் கெட்டித்துக்கொண்டு போனேன். சாயங்காலம் நாற்பது அடியில் ஒரு பெட்டை மான் வந்து நின்றது. விசையை இழுத்தேன். வெளியே, தீப்பொறி விழுகிற சின்னக் கிண்ணத்தில் மருந்து புஸ்ஸென்று பற்றியது, உள்ளே ஒன்றுமில்லை. மான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவசரமே இல்லாமல் நடந்து போனது. துப்பாக்கியை வாய் மேலே பார்க்க நாளெல்லாம் மடியில் சாய்த்து வைத்திருந்தேன் இல்லையா, துணியில் பிழிந்த ஈரம் குழல் சுவரோடு இறங்கி அடிமருந்துவரை போயிருக்கிறது. ரேஞ்சுக்குப் போய் குண்டைத் திருகி வெளியே எடுத்தபோது மருந்து ஈர ரவை மாதிரி கட்டிகட்டியாக வந்தது.

இப்போது காட்டில் தண்ணீர் சம்பந்தமே இல்லை. கெட்டிக் கிரீஸை மெல்லிசாகத் தேய்ப்பேன், அழுத்தினால் விரலில் ஒட்டக்கூடிய அளவுக்குமேல் இருக்காது. மருந்துக்கும் துணிக்கும் நடுவில் காகிதக் குளவிக் கூட்டின் ஒரு துண்டைப் போடுகிறேன், பழைய ஆட்கள் வழி, லேசில் தீப்பிடிக்காது, கிரீஸ் மருந்துக்குள் ஊறாமல் தடுக்கும். கையால் காய்ச்சப் பொறுமை இல்லாதவர்கள் மிங்க் எண்ணெய் டப்பா வாங்கலாம், ரோமத்துக்காக வளர்க்கிற மிங்க் என்ற பிராணியின் தோலடிக் கொழுப்பு, குளிரில் இளக்கமாகவே இருக்கும். கடையில் கிடைப்பதில் வேட்டைக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

இண்டியானாவில் ஃபிரெண்ட்ஷிப் என்று ஒரு குக்கிராமம். மசில்லோடர்காரர்களின் தேசிய சங்கம் (1933இல் தொடங்கியது) வருஷம் இரண்டு தடவை, ஜூனிலும் செப்டம்பரிலும் அங்கேதான் போட்டி நடத்துகிறது. ஒரு செப்டம்பரில் போயிருந்தேன். கடை வரிசையில் ஐந்தடிக்கு ஒரு டப்பா, ஒவ்வொன்றுக்கும் ஒரு பரம ரகசியம். ஆளுக்கு ஆள் அடுத்தவன் டப்பாவைப் பழித்தார்கள். அப்புறம் சுடுகளத்தில் போய்ப் பார்த்தால் எல்லாரும் நன்றாகத்தான் சுடுகிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நான் அந்த ஊரில் வாங்கியது டப்பா இல்லை, ஆறு கெஜம் மெத்தையுறைத் துணி.

சரி, சனிக்கிழமைக்காரர் கதை. எதை வாங்கணும் என்று கேட்டாரே, ஒன்றும் வாங்கவேண்டாம், இப்போது வைத்திருப்பதை வைத்தே ஐந்து சுட்டுவிட்டுத் துணியைப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். போனார், சுட்டார், சுடுவது நின்றதும் குனிந்து தேடினார், உள்ளங்கையில் ஐந்தையும் விரித்துக்கொண்டு வந்தார். மூன்றில் நடுவில் ஓட்டை.

"கிரீஸை மாத்திரணும், இல்லையா?" என்றார்.

பையிலிருந்து காலிப்பரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.